கிளானில் நல்ல பெயரும் நம்பத் தகுந்த கூட்டும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் செல்பேசி விளையாட்டுகளைப் பற்றி இப்பகுதியில் நான்கு வரி எழுதியதற்குத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. வெற்றி பெறுவது எப்படி என்று கேட்டவர்கள் குறைவு. கூட விளையாடுகிறவர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி, யாரை நம்பிக் கூட்டுச் சேர்வது என்று கேட்டவர்களே மிகுதி. எனவே இந்த இதழில் அந்த ஒரே விஷயத்தைப் பேசுவோம்.

ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டைப் பற்றியவை. அதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு, ஐம்பது பேர் வரை சேரக்கூடிய ‘கிளான்’ என்னும் குழுவில் இணைகிறார்கள். குழுவுக்கு ஒரு லீடர். அவருக்குக் கீழே கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று படிநிலைகள் உண்டு. ஒருவர் கேட்கும் படைகளை மற்றவர் கொடுப்பது டொனேஷன். இன்னொரு கிளானோடு மோதுவது வார். அதில் ஒரு நாள் ஆயத்தம், ஒரு நாள் போர், ஆளுக்கு இரண்டு அட்டாக், ஓர் அட்டாக்குக்கு அதிகபட்சம் மூன்று ஸ்டார்.

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பெரிய கிளானில் சேர்ந்தேன். டொனேஷன் பட்டியலில் மூன்று மாதமாக முதலிடத்தில் இருக்கிறேன். என் அட்டாக்குகள் பெரும்பாலும் மூன்று ஸ்டார் பெறுகின்றன. எனக்குப் பின்னால் வந்த ஒருவரை எல்டர் ஆக்கிவிட்டார்கள். நான் இன்னும் என்ன செய்ய வேண்டும், ஐயா?
– கடை ஊழியர், பேராவூரணி

பதில்: ஆடி மாதத்தில் பந்தலுக்குப் பந்தல் மொய் விருந்து நடக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், விடையும் அந்தப் பந்தலிலேயே இருக்கிறது. மொய்நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெரியவர்கள் மிகப் பெரிய தொகை எழுதியவர் யார் என்று தேடுவதில்லை. வாங்கிய மொய்யை உரிய விருந்தில், புது மொய்யும் சேர்த்து, கேட்கும் முன்பே திருப்பியவர் யார் என்பதைத்தான் அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவரையே ‘நாணயமானவர்’ என்கிறோம். காசுக்கும் நம்பகத்துக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருப்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

டொனேஷன் பட்டியல் தொகையைக் காட்டுகிறது, முறையைக் காட்டுவதில்லை. ஒருவர் ‘டிராகன் மட்டும் வேண்டும்’ என்று எழுதிக் கேட்கும்போது, கையில் இருக்கும் வில்லாளிகளை அள்ளிப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டால் உங்கள் எண்ணிக்கை ஏறும். ஆனால் அந்தப் படையை நம்பி அட்டாக்குக்குப் போனவர் உங்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார், நல்ல விதமாக அல்ல. நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக முதலிடம் என்று பெருமையோடு எழுதும் உங்கள் கடிதத்தில், யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். கேட்டதைக் கொடுங்கள், அது உங்களிடம் இல்லையென்றால், இல்லை என்று சாட்டில் எழுதிவிட்டு வேறொருவருக்கு வழிவிடுங்கள்.

அட்டாக்கிலும் இதே கணக்குத்தான். மூன்று ஸ்டார் எந்த ஊரின்மேல் வாங்கியது? வார் பட்டியலில் உங்களுக்கு நேராக அதே எண்ணில் நிற்கும் எதிரி ஊரை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் எளிய ஊரை அடித்தால், அந்த ஊரை நம்பியிருந்த சிறிய டவுன் ஹால்காரர் (டவுன் ஹால் என்பது ஊரின் வளர்ச்சியைக் காட்டும் மையக் கட்டடம்) தம் வலிமைக்கு மிஞ்சிய ஊரின்மேல் மோதித் தோற்பார். கணக்கில் உங்களுக்கு மூன்று, அவருக்குச் சுழி, கிளானுக்கு நட்டம். லீடர்கள் இதைப் பார்க்காமல் இருப்பதில்லை.

என் அனுபவத்தில் நல்ல பெயரைத் தருகிறவை சிறிய காரியங்கள்தாம். எந்த ஊரை எந்த நேரத்தில் அடிக்கப் போகிறோம் என்று முன்னதாகவே எழுதிவைப்பதும், எழுதியபடி செய்வதும் முதலாவது. தோற்றுவிட்டால் ‘வலப்பக்கத்து மூலையில் பொறி இருக்கிறது, அடுத்து வருகிறவர் இடப்பக்கமாக நுழையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது இரண்டாவது. பயனுள்ள செய்தியோடு தோற்றவருக்குக் கிளானில் கிடைக்கும் மதிப்பு, மௌனமாக வென்றவருக்குக் கிடைப்பதில்லை. ஆயத்த நாளில் சிறிய வீரர்களின் கிளான் காஸில்களை, அதாவது பிறர் கொடுக்கும் படைகள் தங்கும் கோட்டைகளை, தற்காப்புப் படைகளால் நிரப்பிவைப்பது மூன்றாவது. அதை யாரும் பாராட்டமாட்டார்கள், ஆனால் செய்யாத நாளில் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுடன், எல்டர் பதவியைக் கேட்காதீர்கள். சேர்ந்த மறுநாளே ‘ப்ரோ, எல்டர் கொடுங்கள்’ என்று எழுதுகிறவர்களை லீடர்கள் ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: குறுவை அறுவடை நேரத்தில் இயந்திரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க நேர்கிறது. அந்த நாட்களில் வாரில் அட்டாக் தவறிவிடுகிறது. கிளானில் என் பெயர் கெடுகிறது. விளையாட்டை விட்டுவிடலாமா?
– விவசாயி, வலங்கைமான்

பதில்: விட வேண்டாம். விளையாட்டில் உங்கள் புரொஃபைல் பக்கத்தில் வார் விருப்பத்தைக் காட்டும் பச்சை, சிவப்புக் குறி இருக்கிறது. அறுவடை தொடங்கும் வாரத்தில் அதைச் சிவப்பாக்கிவிட்டு, திரும்பும் நாளைச் சாட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வராதவரைக் கிளான் பொறுத்துக்கொள்ளும். வருவேன் என்று சொல்லி வராதவரைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

இதை நான் கஜா புயலின்போது கற்றுக்கொண்டேன். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் வேதாரண்யம் அருகே புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் கிளானில் பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்து வீரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். மின்சாரமும் சிக்னலும் ஒரே இரவில் போய், பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் திரும்பவில்லை. ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் முந்தின மாலையில் ‘புயல் வருகிறது, என்னை வாரில் சேர்க்க வேண்டாம், எப்போது வருவேன் என்று தெரியாது’ என்று எழுதியிருந்தார். வெளிமாநிலத்து கோ-லீடர் ஒருவர், நிலைமை தெரியாமல், பத்து நாள் வராதவர்கள் என்று மற்ற எட்டுப் பேரையும் நீக்கிவிட்டார். அந்த ஒருவரின் இடம் அப்படியே இருந்தது. தென்னை விழுந்து வாழ்வாதாரத்தை இழந்த மனிதர் டிசம்பரில் திரும்பி வந்து ‘எல்லாரும் நலமா’ என்று கேட்டபோது கிளான் முழுவதும் எழுந்து பதில் சொன்னது. நீக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க எங்களுக்குப் பொங்கல் வரை ஆயிற்று. அந்தப் பிழை அவர்களுடையதன்று, எங்களுடையது. அதற்குப் பிறகு டெல்டா வீரர்கள் யார் யார் என்று தனியே எழுதிவைத்துக்கொண்டோம்.

கேள்வி: இரண்டு அட்டாக்கையும் அடிக்காதவரை உடனே நீக்குவது சரியா?
– லீடர், நீடாமங்கலம்

பதில்: சரியன்று. முறை வைத்து நீர் விடும் வாய்க்காலில் ஒரு நாள் முறை தப்பி மடையைத் திறந்தவரை ஊரைவிட்டு ஒதுக்குவதில்லை. முதலில் சொல்லிப் பார்க்கிறோம். நீர்ப் பாசனம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படி ஆள்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் முதல் தவறுக்கான தண்டனை மிகச் சிறியதாகவும், தவறு தொடரும்போது படிப்படியாகக் கூடுவதாகவும் இருப்பதைக் கண்டார். முதல் முறை தனியாகக் காரணம் கேளுங்கள். இரண்டாம் முறை ஒரு வாரில் சேர்க்காமல் விடுங்கள். மூன்றாம் முறை நீக்கலாம். இந்த ஒழுங்கைக் கிளானின் அறிமுக வரியிலேயே எழுதிவையுங்கள். தவறியவர் உங்கள் நண்பராக இருந்தாலும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: மன்னார்குடியில் எங்கள் கிளானும், கும்பகோணத்து நண்பர்களின் கிளானும் கூட்டணி அமைக்க நினைக்கிறோம். ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். தனித்தனியாக இருந்துகொண்டு ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்கிறேன் நான். எது நல்லது? கூட்டணியை எப்படி நிலைக்கச் செய்வது?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: உங்கள் பக்கமே நான் நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு. இணைப்பில் ஒரு கிளான் அழிகிறது. பல ஆண்டு வார்களில் சேர்த்த கிளான் நிலையும் வார் பதிவும் ஒரு பக்கத்தாருக்கு ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. அந்த இழப்பைச் சுமந்து வருகிறவர்கள் முதல் தோல்வியிலேயே ‘எங்கள் கிளானில் இப்படி நடந்ததில்லை’ என்பார்கள். இரு குழுவும் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்காத நிலையில் அவ்வளவு பெரிய விலையைக் கேட்கக் கூடாது.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒப்பந்தம் என்று பதிவு செய்யும் வசதி கிடையாது. இரு லீடர்களின் சொல் மட்டுமே உண்டு. மற்ற விளையாட்டுகளில் நிலைமை சற்று வேறு. ஜெர்மனியிலிருந்து 2004இல் வந்த டிராவியனில் ஒரு கூட்டணிக்கு அறுபது பேர்தாம் என்பதால், பெரிய குழுக்கள் பல கிளைகளாகப் பிரிந்து நிற்கும்; ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்னும் உடன்பாட்டை விளையாட்டுக்குள்ளேயே அறிவிக்கலாம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனிலோ கூட்டணிகளுக்கு மேலே கூட்டணிகளின் கூட்டு என்று ஒன்று எழுந்தது. அதற்கு விளையாட்டில் எந்தப் பதிவும் இல்லை, பேச்சுதான் ஆதாரம். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பேச்சை நம்பிப் போரிட்டார்கள். 2014 ஜனவரியில் ஒரு விண்மண்டலத்தின் உரிமைக்கான கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் போனதால் அந்த இடத்தின் பாதுகாப்பு அற்றுப்போய், 21 மணி நேரம் நீடித்த பெரும் போர் மூண்டது. டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. ஒரு கட்டணத்தைக் கவனிக்க ஆள் தவறியதன் விளைவு அது. ஆகவே உங்கள் கூட்டணியில் எந்தப் பொறுப்பானாலும் அதற்கு ஒருவர் பெயரும், அவர் இல்லாதபோது பார்க்க இன்னொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்கட்டும்.

கூட்டை எப்படித் தொடங்குவது என்பதற்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980ஆம் ஆண்டளவில் நடத்திய கணினிப் போட்டியைப் பாருங்கள். ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டிய இரு தரப்புகள் மீண்டும் மீண்டும் சந்தித்தால் எந்த உத்தி வெல்லும் என்பதே போட்டி. பல துறை அறிஞர்கள் நுணுக்கமான நிரல்களை எழுதி அனுப்பினார்கள். அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் வென்றது. முடிவை அறிந்த பின் 62 நிரல்கள் மோதிய இரண்டாம் போட்டியிலும் அதுவே வென்றது. முதலில் ஒத்துழை, பிறகு எதிரே இருப்பவர் சென்ற முறை செய்ததையே திருப்பிச் செய் என்பதுதான் அதன் முழு உத்தி. தானாக முந்தி ஏமாற்றாது; ஏமாற்றினால் உடனே காட்டிவிடும்; எதிராளி திருந்தினால் பழையதை மனத்தில் வைத்துக்கொள்ளாது. நான் மிகவும் மதிக்கும் செய்தி ஒன்று இதில் உண்டு: அந்த நிரல் எந்தத் தனி எதிராளியையும்விட அதிகப் புள்ளி பெற்றதே இல்லை. கூட இருந்தவர்களையும் வாழவைத்தே மொத்தத்தில் முதலிடம் பெற்றது.

இதை உங்கள் நிலைக்குக் கொண்டுவந்தால், சிறியதாகத் தொடங்குங்கள் என்றாகிறது. முதல் மாதம் இரு கிளான்களும் தங்களுக்குள் பயிற்சியாக மோதும் ஃப்ரெண்ட்லி வார் மட்டும் விளையாடுங்கள். தோற்கும்போது யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாம் மாதம் டொனேஷனுக்காக இருவரை அனுப்பிப் பாருங்கள். கிளான் வார் லீகிற்கு ஆள் கொடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது பெரிய கடன். எட்டு கிளான்கள் ஏழு நாள் மோதும் அந்த லீகில் ஒருவர் ஒரு மாதத்துக்கு ஒரு கிளானுக்காக மட்டுமே ஆட முடியும். கும்பகோணத்துக்குப் போகும் உங்கள் ஆள் அந்த மாதம் மன்னார்குடிக்கு இல்லை. லீக் முடிவில் சிலருக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் மெடல் அவருக்கு உண்டா, எந்தக் கணக்கில் என்று லீக் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் கூட்டணிகள் தோல்வியால் உடைந்ததைவிட, வென்ற பின் மெடல் பங்கிட்டதில் உடைந்ததே அதிகம்.

கேள்வி: இரண்டு ஆண்டு பழகியவரை நம்பி கோ-லீடர் ஆக்கினேன். போன வாரம் ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை நீக்கிவிட்டு வேறு கிளானுக்குப் போய்விட்டார். அவமானமாக இருக்கிறது. இனி யாரை நம்புவது?
– பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி

பதில்: அவமானப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். உங்களைவிடப் பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஈவ் ஆன்லைனில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்னும் கூட்டணி ஒரு காலத்தில் யாரும் அசைக்க முடியாததாக இருந்தது. 2009 பிப்ரவரியில் அதன் இயக்குநர் பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தமக்கு இருந்த அதிகாரத்தைக் கொண்டே அந்தக் கூட்டணியைக் கலைத்துவிட்டார். பழைய பெயரைக்கூட மீட்க முடியாமல் அவர்கள் வேறு பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீரர் பெயரை மாற்றினாலும், விளையாட்டு அவருக்குத் தந்த அடையாளமான டேக் எண் மாறாது. பழைய வார் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வைத்து நீக்கப்பட்டவர்களின் டேக் எண்களைத் தேடி, ஒவ்வொருவருக்கும் நீங்களே அழைப்பு அனுப்புங்கள். நடந்ததை மறைக்காமல், ‘என் தேர்வு தவறிவிட்டது, மன்னிக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். போனவரைப் பற்றி வசை வேண்டாம். திரும்பி வருகிறவர்கள் உங்கள் மனநிலையைத்தான் பார்ப்பார்கள்.

இனி யாரை நம்புவது என்ற கேள்வியைவிட, எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்ற கேள்வி பயனுள்ளது. படைத் திட்டம் வகுக்கவும் புதியவர்களைப் பழக்கவும் எல்டர் பதவி போதும். கோ-லீடர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியப் பொறுப்புக்குக் காலம் 360 நாள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள். பொறுப்புக்குக் கால வரம்பு வைப்பது ஒருவரை அவமதிப்பது ஆகாது. எல்லாருக்கும் வைத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நட்பு எவ்வளவு நெருக்கமானாலும் கணக்கில் நுழைவதற்கு வரும் சரிபார்ப்புக் குறியீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கணக்கை விற்பதும் வாங்குவதும் சூப்பர்செல் நிறுவனத்தின் விதிகளுக்கு முரணானவை. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஒரு கிளானில் ஆண் பெயரில் விளையாடுகிறேன். இப்போது கோ-லீடர். எல்லாரும் ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறார்கள். சண்டை வந்தால் என்னிடம்தான் தீர்ப்புக்கு வருகிறார்கள். நான் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். கூட்டணிக் கிளானோடு இனிக் குரல் வழியே பேசித் திட்டமிட வேண்டும் என்கிறார் லீடர். உண்மையைச் சொன்னால் இத்தனை ஆண்டு வாங்கிய பெயர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து ஆண்டுகள் வார் திட்டமிட்டவர் நீங்கள்; இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவரும் நீங்கள். அந்தப் பெயர் உங்கள் செயலுக்குக் கிடைத்தது, ‘அண்ணா’ என்ற விளிக்கு அல்ல. யாரையும் ஏமாற்றிப் பொருள் பெறாதவரை, விளையாட்டில் வேறு பெயர் வைத்துக்கொள்வது குற்றமில்லை. ஊரறிய ஒரு பெண் விளையாடினால் என்னென்ன செய்திகள் இன்பாக்ஸில் வந்து விழும் என்பதை அறிந்தே நீங்கள் அந்தப் பெயரைத் தேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

சொல்லாமலே இருக்க விரும்பினால், குரல் வேண்டாம், எழுத்தில்தான் திட்டமிடுவேன் என்று லீடரிடம் கூறிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் தூங்கும் நேரம் என்பதே போதுமான காரணம், அது உண்மையும்கூட. சொல்ல விரும்பினால், கூட்டணிக் கூட்டத்தில் உங்கள் குரலைக் கேட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் திகைக்கும்படி விட்டுவிடாதீர்கள். முதலில் லீடரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று இரண்டு நாள் பாருங்கள். அவர் மதிப்புக் குறையாமல் பேசினால், நீண்ட நாள் கூட இருக்கும் எல்டர்களிடம் அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். சிலர் கூச்சத்தில் சில நாள் குறைவாகப் பேசுவார்கள். அடுத்த வாரில் யார் எந்த எண்ணை அடிப்பது என்று கேட்க எப்படியும் உங்களிடம்தான் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். குரல் பேச்சுக்கு வாட்ஸ்அப் குழு வேண்டாம்; உங்கள் கைப்பேசி எண் கூட்டணிக் கிளானில் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் போய்விடும். டிஸ்கார்ட் செயலியில் எண்ணைக் காட்டாமலே பேசலாம். அந்தக் குழுவை நீங்களே தொடங்கி, யார் உள்ளே வரலாம், யாரை வெளியேற்றலாம் என்னும் அதிகாரத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.